அம்மாவுக்கு ஒரு மாத்தாள்

“நீ கூட்டம் போட்டா, எங்கண்ணனுக்கு ஞாபகம் வந்துருமாடி?”

பச்சையம்மா அத்தை இதைக் கேட்டது எங்கள் வீட்டுப் படலுக்கு வெளியே நின்றுகொண்டு. அத்தை அப்பாவின் தங்கை. கையில் தூக்குப் பாத்திரம், அதற்குள் கேப்பைக் களி. படலுக்கு மேலாக என்னிடம் நீட்டினாள். உள்ளே வரவில்லை.

நான் அப்போதுதான் பெருமையோடு சொல்லி முடித்திருந்தேன். அப்பாவைப் போல மறதி நோய் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காகத் திண்டிவனத்தில் ஒரு கூட்டம் நடத்தப்போகிறேன், விழுப்புரத்திலிருந்து டாக்டர் வருகிறார் என்று.

“ஞாபகம் வராது அத்தை. இது அப்பாவுக்கு இல்ல, அம்மாவுக்கு.”

“உங்கம்மாவுக்கு இன்னா? அவளுக்கு எல்லாம் ஞாபகம் கீது.”

அதுதான் கஷ்டமே என்று சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன். களி இன்னும் சூடாக இருந்தது.

கவுண்டருக்கு அந்தப் பக்கம்

தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் வேலை தெரியும். விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மருந்து கவுண்டரில் நிற்கிறேன். மயிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறும்போது இன்றைக்கும் முதுகு தானாக நிமிரும். அதை நான் மறைப்பதில்லை.

மறதிக்கான மாத்திரைகள் எங்கள் கவுண்டரில் இடது பக்கம், மூன்றாவது தட்டில் இருக்கும். அவற்றை வாங்க வருகிறவர்களைத் தூரத்திலேயே எனக்கு அடையாளம் தெரியும். அவர்கள் அவசரப்படுத்துவார்கள். “ஜல்தியா குடும்மா” என்பார்கள். மாத்திரையை எப்போது கொடுப்பது, டயப்பர் எந்த அளவு என்று கேட்பார்கள். தங்களுக்கு என்று ஒரு தலைவலி மாத்திரைகூடக் கேட்கமாட்டார்கள். வாங்கிய பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடுவார்கள்.

என் அம்மாவும் அவர்களில் ஒருத்தி என்பது தெரிய எனக்கு ஒரு சாவு தேவைப்பட்டது.

தலை முழுகிய சாயங்காலம்

அம்மாவுக்கு ஒரே தம்பி, ஏழுமலை மாமா. அனந்தபுரத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தார். ஒருநாள் காலையில் கடையைத் திறந்து, காற்றடிக்கும் பம்பை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

டியூட்டி நேரத்தில் எங்கள் போன்கள் மேசை இழுப்பறைக்குள் இருக்கும். மத்தியானம் எடுத்துப் பார்த்தால் அம்மா ஓயாமல் கூப்பிட்டிருந்தாள்.

“பாப்பா, உன் மாமன் பூட்டான்டி.”

“நீ எங்கம்மா இருக்க? அனந்தபுரத்துலயா?”

“நான் எங்கடி போறது? உங்கப்பன யாருகிட்ட உட்டுட்டுப் போறது?”

அக்கம்பக்கத்தில் எல்லோரும் கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆயப் போயிருந்தார்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகவும் முடியாது. முன்பு ஒரு சாவுக்கு அப்படித்தான் கூட்டிப் போனோம். மேளச் சத்தம் கேட்டதும் அப்பா பாடைக்குப் பின்னால் நடந்தார். பாடை சுடுகாட்டுக்குத் திரும்பியது. அப்பா திரும்பவில்லை. நேராக நடந்துகொண்டே இருந்தார். பொழுது சாய்ந்த பிறகு மயிலம் ரோட்டில் யாரோ பிடித்து உட்காரவைத்திருந்தார்கள்.

நான் பஸ் பிடித்து ஊர் வந்து சேர்ந்தபோது மாமாவை எடுத்துவிட்டார்கள். வாய்க்கரிசி போடக் கூடப்பிறந்தவள் வருவாள் என்று வெகுநேரம் காத்திருந்தார்களாம்.

அம்மா எங்கள் வாசல் குழாயடியில் சேலையோடு உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பா கட்டிலில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா புள்ள, இந்நேரத்துல தல முழுவுற? யாரு ஊட்ல சாவு?”

“உன் மச்சான் ஏழுமலை பூட்டான்யா.”

அப்பா அழுதார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். “ஐயோ, தங்கமான புள்ளயாச்சே, எனக்கு எத்தினி தடவ சோறு போட்டிருக்கான்” என்றார். அம்மா ஈரக் கையோடு வந்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாவின் கூந்தலில் சொட்டும் தண்ணீரைப் பார்த்தார்.

“இன்னா புள்ள, தல முழுவியிருக்க? யாரு ஊட்ல சாவு?”

அம்மா மறுபடியும் சொன்னாள். அவர் மறுபடியும் அழுதார். முதல் தடவை கேட்பவரின் அழுகை அது, கொஞ்சமும் குறையவில்லை. அம்மா மறுபடியும் முதுகைத் தடவினாள்.

அவர் திரும்பக் கேட்டபோது அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “யாரும் சாவலய்யா. வெயிலா இருந்துச்சி. தண்ணி ஊத்திக்கினேன்.”

“அதான பாத்தேன்” என்றார் அப்பா. நிம்மதியாகப் படுத்துக்கொண்டார்.

தம்பி செத்த அன்றைக்கு அம்மா அழுததை நான் பார்க்கவில்லை. அழுவதற்கு அவளுக்கு முறை வரவில்லை.

மூஞ்சி ஒண்ணுதான்

காரியத்துக்காவது போ என்றேன். நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருக்கிறேன் என்றேன்.

“குளிப்பாட்டுறது, வேட்டி மாத்துறது எல்லாம் உன்ன செய்ய உடமாட்டாரு. பொட்டப்புள்ள.”

“ஒருநாள் குளிக்கலன்னா இன்னாம்மா?”

அம்மா முறத்தில் இருந்த அரிசியில் கல் பொறுக்கினாள். நான் விடவில்லை. கடைசியில் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

“அவருக்கு இப்போ தெரிஞ்ச மூஞ்சி இது ஒண்ணுதான் பாப்பா. உன்னயே ஒரு நேரம் தெரியுது, ஒரு நேரம் தெரியல. நான் ஒருநாளு கண்ணுல படலன்னா என்னையும் மறந்துடுவாரு.”

காரியத்துக்கும் அவள் போகவில்லை.

பரீட்சை

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் வாழைப்பழம், பிஸ்கட் எல்லாம் கொண்டு வருவார்கள். கூடவே ஒரு கேள்வியும் கொண்டு வருவார்கள். “நான் யாரு, சொல்லு பாக்கலாம்?”

வருகிற எல்லோரும் கேட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இப்போது அப்பாவும் எழுதிக்கொண்டிருந்தார், கட்டிலில் உட்கார்ந்தபடி, வாரத்தில் பல தடவை. வேர்த்துப்போவார். வந்தவரின் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்.

பச்சையம்மா அத்தையும் ஒருநாள் கேட்டாள். “அண்ணே, நான் யாரு சொல்லு?”

அப்பா வெகுநேரம் உற்றுப் பார்த்தார். “செஞ்சி யாவாரி பொண்டாட்டிதான நீ? மாடு எப்படிக் கீது, கறக்குதா?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். அன்றோடு படலைத் தாண்டி உள்ளே வருவதை நிறுத்திவிட்டாள். களி மட்டும் வருகிறது.

நாற்காலிகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்தேன். திண்டிவனத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. பேனர் அடித்து, நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, டீயும் மசால் வடையும் சொல்லி வைத்திருந்தேன். கவுண்டரில் அந்த மாத்திரை வாங்கிய ஒவ்வொருவரிடமும் சொல்லியிருந்தேன். எல்லோரும் வருகிறோம் என்றார்கள். கண் கலங்கி, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவர்களும் உண்டு.

யாரும் வரவில்லை. பேன் காற்றில் பேனர் படபடத்தது. டாக்டர் நல்ல மனிதர். காலி நாற்காலிகளைப் பார்த்தும் பார்க்காதவர் போல எனக்கு மட்டும் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனார். நோயாளியைத் திருத்தாதீர்கள், சோதிக்காதீர்கள், பார்த்துக்கொள்கிறவரைத் தூங்கவிடுங்கள் என்றார்.

அவர் போன பிறகு ஒருவர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். அந்தோணிசாமி. ரிட்டயர்டு பஸ் டிரைவர். எங்கள் கவுண்டரில் எல்லோருக்கும் அவர் டிரைவர் அய்யா. அவர் மனைவி ஸ்டெல்லா அம்மாவுக்கும் இதே நோய்.

“கூட்டம் முடிஞ்சிடுச்சாம்மா?”

“ஆரம்பிக்கவே இல்லங்க அய்யா.”

அவர் நாற்காலிகளைப் பார்த்தார். “பரவால்ல. ஒரு டீ குடிச்சிட்டுப் போறேன். கூட்டம் அமோகமா நடந்துச்சின்னு எழுதிக்கோ.”

சிரித்தேன். உட்காருங்கள் என்றேன். அவர் உட்காரவில்லை. நின்றபடியே ஊதி ஊதிக் குடித்தார். அப்போதுதான் அவர் இடது கையைப் பார்த்தேன். வீட்டுச் சாவி. விரல் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தார்.

“அவள உள்ள வச்சிப் பூட்டிட்டு வந்துக்கிறேன்மா. கத்தாம இருக்கணும்.” டம்ளரை வைத்துவிட்டுப் படியில் இறங்கிவிட்டார்.

நான் காலி நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். வீட்டை விட்டு நகர முடியாதவர்களை வீட்டை விட்டு வரச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் வராததற்குக் காரணம் அந்தச் சாவியில் இருந்தது.

நாளுக்கு நாள்

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே நடவு நடந்துகொண்டிருந்தது. குனிந்த முதுகுகள், கலங்கிய தண்ணீர்.

பத்தாம் வகுப்பு லீவில் நானும் அப்படி ஒரு வரிசையில் குனிந்திருக்கிறேன். அம்மாவுக்குக் காய்ச்சல். நடவுக் கூட்டத்தில் ஒருத்தி வரமுடியாவிட்டால் அவளுக்குப் பதிலாக ஒரு ஆள் போக வேண்டும். மாத்தாள் என்று பெயர். மாத்தாளாகப் போகிறவள் காசு கேட்கமாட்டாள். அவளுக்கு ஒருநாள் முடியாமல் போனால் இவள் போய் நிற்பாள். நாளுக்கு நாள், அவ்வளவுதான். அன்றைக்கு நான் நட்ட பயிர் கோணலாக இருந்தது என்று அந்தப் போகம் முழுக்கக் கிண்டல். “கலெக்டரம்மா நட்ட நாத்து, வளைஞ்சி வளைஞ்சி கையெழுத்துப் போட்டுக்கினு போவுது பாரு” என்பார்கள்.

வயலுக்கு மாத்தாள் உண்டு. அம்மாவுக்கு வீட்டில் மாத்தாள் இல்லை. பேனர் அடித்த நேரத்தில் இதை யோசித்திருக்கலாம். ஊர் வந்து இறங்குவதற்குள் டிரைவர் அய்யாவுக்குப் போன் செய்தேன்.

“அய்யா, உங்களுக்கு ஒருநாள் வெளிய போகணும்னா எங்க போவீங்க?”



“கண்ணுல பொரை விழுந்திருக்கும்மா. ஆபரேசன் பண்ணணும்னு சொல்லிக்கினே கிறாங்க. பாண்டிக்குப் போவணும்.”

“நான் வந்து ஸ்டெல்லா அம்மாவோட இருக்கேன். பதிலுக்கு நீங்க எங்கப்பாவோட ஒருநாள் இருக்கணும். குளிப்பாட்ட ஒரு ஆம்பள வேணும்.”

“இவள எங்க உடுறது?”

“கூட்டிக்கினு வாங்க.”

தலை தெவசம்

மாமாவின் முதல் வருஷத் தெவசம் வந்தது. அம்மா போகமாட்டேன் என்றாள். கட்டிய சேலையை அவிழ்த்து மடித்து வைத்தாள். திரும்ப எடுத்துக் கட்டினாள். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, “கஞ்சில உப்பு கம்மியா போடு” என்றாள். இன்னொரு தடவை திரும்பி வந்து அப்பாவின் எதிரில் கொஞ்ச நேரம் நின்றாள், பார்த்து வைத்துக்கொள் என்பதுபோல. பிறகு விறுவிறு என்று நடந்து பஸ் ஏறிவிட்டாள்.

மனைவியோடு காலையிலேயே வந்திருந்த டிரைவர் அய்யா அப்பாவைக் குளிப்பாட்டி முடித்தார். ஸ்டெல்லா அம்மா அந்தக் காலத்துத் தையல் டீச்சர். எங்கள் கொடியில் காய்ந்த துணிகளை எல்லாம் எடுத்து மடித்தார், பிரித்தார், மடித்தார்.

அம்மா இல்லாதது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. யார் இல்லை என்பது தெரியவில்லை. கட்டிலில் இருந்து எழுந்து படலை உலுக்கினார். “உடுங்கடா, சந்தைக்கு நேரமாவுது” என்று கத்தினார். டிரைவர் அய்யா பிடிக்கப் போனார். அப்பா அவர் மார்பில் கையை வைத்துத் தள்ளினார்.

அப்பா மாட்டுத் தரகர். எங்களுக்கு நிலமும் கிடையாது, மாடும் கிடையாது. சந்தையில் விலை வெளியே தெரியக்கூடாது என்பதற்காகத் துண்டை மேலே போட்டு, அதற்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். ஒரு விரல் ஆயிரம். உள்ளங்கையைச் சுரண்டினால் அந்த விலை கட்டாது என்று அர்த்தம். பொம்பளைகளுக்கு அந்தத் துண்டுக்கு அடியில் இடமில்லை. நான் சின்னப் பிள்ளை என்பதால் எனக்கு மட்டும் விளையாட்டாகக் காட்டியிருக்கிறார். கூட்டலும் கழித்தலும் எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு முன்பே அந்த இருட்டில் பழக்கம்.

“அய்யா, அவர் துண்ட எடுத்து உங்க கைமேல போடுங்க. கைய நீட்டுங்க.”

டிரைவர் அய்யா அப்படியே செய்தார். அப்பாவின் கை படலை விட்டது. துண்டுக்குள் நுழைந்தது.

“எவ்ளோம்மா சொல்றாரு?” டிரைவர் அய்யா கிசுகிசுத்தார்.

“தெரியல. கட்டாதுன்னு உள்ளங்கையச் சுரண்டுங்க.”

அப்பா சிரித்தார். “ஆளு வெவரமானவன்” என்றார். அன்று முழுக்க வியாபாரம் நடந்தது. இல்லாத மாட்டை டிரைவர் அய்யா பலமுறை வாங்கினார். “எம்மா, எனக்கு மாட்டுக்கொட்டா கட்டித் தரணும் நீ” என்றார் என்னிடம்.

சாயங்காலம் அம்மா வந்தாள். தம்பியின் படத்துக்கு முன்னால் படையல் போட்டு, அழவேண்டியதை எல்லாம் அழுதுவிட்டு வந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. செருப்பைக் கூடக் கழற்றாமல் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றாள்.

அப்பா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“யாரும்மா நீ? மாடு பாக்க வந்தியா?”

டிரைவர் அய்யா தலையைக் குனிந்துகொண்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். அவள் திருத்தவில்லை. நான் யாரு சொல்லு என்று கேட்கவில்லை. கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஆமாய்யா. மாடு பாக்கத்தான் வந்தேன்.”

அவளே துண்டை எடுத்து மேலே போட்டுக் கையை உள்ளே நீட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தத் துண்டுக்கு அடியில் கை வைக்காதவள். துண்டு மெல்ல அசைந்தது.

“இன்னாடி சொல்றாரு?” என்றாள் என்னிடம்.

“எனக்கெப்படிம்மா தெரியும்? உன் கைக்குத்தான் தெரியும்.”

அம்மா கையை எடுக்கவில்லை. விளக்கு போட எழுந்திருக்கவும் இல்லை.

அத்தைக்குப் பதில்

இப்போது சில நாள் காலையில் அப்பாவுக்கு அம்மாவைத் தெரிகிறது. பல நாள் தெரிவதில்லை. நான்தானே அவளை அனுப்பினேன் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் கேட்டும் விட்டேன்.

அம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள். “அவரு கண்ணு முன்னாடியே நின்னுக்கினு இருந்தேன், பாப்பா. எந்தம்பி சாவுக்குக்கூட நவுரல. அப்பவும் மறந்துக்கினுதான் இருந்தாரு. நானு நின்னதால எதுவும் நிக்கல.” வேட்டியை ஓங்கி உதறினாள். “டிரைவரு கண்ணு ஆபரேசனுக்கு நீ போறேன்னு சொன்னியே. போனியா?”

அத்தை நேற்றும் படலுக்கு வெளியே நின்று களி கொடுத்தாள். “இன்னாடி, ஞாபகம் வந்துச்சா எங்கண்ணனுக்கு?” என்றாள்.

“வரல அத்தை. நாளைக்குப் புதன்கிழம, நான் ஊர்ல இருக்கமாட்டேன். மத்தியானம் ஒரு மணிநேரம் அம்மாவுக்கு மாத்தாளா வந்து உக்காரு. நான் யாருன்னு மட்டும் கேக்காத.”

அத்தை படலின் குச்சியை விரலால் நிமிண்டிக்கொண்டு நின்றாள். பிறகு போய்விட்டாள். வருவாளா என்று எனக்குத் தெரியாது.

என் வார விடுமுறையைப் புதன்கிழமைக்கு மாற்றி வாங்கிவிட்டேன். இன்று புதன்கிழமை. இதை எழுதிக்கொண்டிருப்பது திண்டிவனத்தில், டிரைவர் அய்யா வீட்டில். எதிரில் ஸ்டெல்லா அம்மா ஒரு பாவாடையை மடித்துப் பிரித்துக்கொண்டிருக்கிறார். என்னை மேரி என்று கூப்பிடுகிறார். செத்துப்போன அவர் தங்கையின் பெயராம். நானும் ம் என்கிறேன்.

டிரைவர் அய்யா காலையிலேயே பாண்டி பஸ் ஏறிவிட்டார். போகும்போது பழக்கத்தில் சாவியைக் கையில் எடுத்தார். வாசலில் நின்று கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு உள்ளே வந்து ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

கதவு திறந்திருக்கிறது.